சிபில் ஸ்கோரைச் சரிசெய்து தருகிறோம் என்பவர்களுக்குப் பணம் கொடுக்கலாமா?

திருப்பூரில் நாலு ஓவர்லாக் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்பவரோ, சங்ககிரியில் ஒற்றை லாரி வைத்து ஓட்டுபவரோ, யார் லோன் கேட்டுப் போனாலும் பேங்கில் முதலில் தட்டிப் பார்ப்பது சிபிலைத்தான். "ஸ்கோர் பத்தாதுங்க" என்று மேனேஜர் சொல்லிவிட்டால் அன்றைய பொழுதே கெட்டுவிடும். அந்த மனநிலையில் இருக்கும்போதுதான் மின்கம்பத்து நோட்டீஸ் கண்ணில் படும்: சிபில் பிரச்சனையா, ஒரே மாதத்தில் 750க்கு மேல் ஏற்றித் தருகிறோம். கூப்பிட்டால் மரியாதையாகத்தான் பேசுவார்கள். "பாதி இப்பக் குடுங்ண்ணா, மீதிய ஸ்கோர் ஏறுனதுக்கு அப்புறம் பாத்துக்கலாமுங்க."

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொடுக்காதீர்கள். அவர்களால் நியாயமாகச் செய்ய முடிகிற வேலை எல்லாவற்றையும் நீங்களே காசில்லாமல் செய்துகொள்ளலாம். அதற்கு மேல் செய்து தருவதாக அவர்கள் சொல்வதை யாராலும் செய்ய முடியாது. ஏன் என்று புரிய வேண்டுமென்றால், அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

யார் எழுதும் கணக்கு இது

பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் சிபில் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் சிபில் என்பது 2000-ல் தொடங்கிய ஒரு தனியார் நிறுவனத்தின் பெயர். இப்போது டிரான்ஸ்யூனியன் சிபில் என்று இருக்கிறது. அதோடு எக்ஸ்பீரியன், எக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று நிறுவனங்களும் இதே வேலையைச் செய்கின்றன. நான்குமே 2005-ல் வந்த கடன் தகவல் நிறுவனச் சட்டத்தின் கீழ், ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையில் நடப்பவை. இவை யாருக்கும் கடன் கொடுப்பதில்லை, கடனை மறுப்பதும் இல்லை. பேங்க்குகளும் ஃபைனான்ஸ் கம்பெனிகளும் அனுப்பும் தகவலை வாங்கி, ஆள்வாரியாகக் கோத்து, ஒரு அறிக்கையாக வைத்திருக்கின்றன. அந்த அறிக்கையை வைத்து 300 முதல் 900 வரை ஒரு எண் போடுகின்றன. 750க்கு மேல் இருந்தால் பேங்க்காரர் முகம் மலரும். ஆனால் இத்தனை இருந்தால்தான் கடன் என்று ரிசர்வ் வங்கி எந்த எல்லையும் வைக்கவில்லை. அது அந்தந்த பேங்க் வைத்துக்கொள்வது.

நம்மூர் பால் சொசைட்டி கணக்கு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். காலையும் மாலையும் ஊற்றிய பாலின் அளவு அதில் ஏறுகிறது. ஊற்றிய பாலை எழுதாமல் விட்டிருந்தால் திருத்தச் சொல்லிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, அதற்கு யாரும் காசு கேட்க முடியாது. ஊற்றாத பாலை ஊற்றியதாக எழுத வைக்க, எழுதுகிறவருக்கு வேண்டியவர் யார் வந்து பேசினாலும் முடியாது. சிபில் அறிக்கையும் இப்படித்தான். பேங்க் அனுப்பிய தகவலை, அந்த பேங்க் ஒப்புக்கொள்ளாமல் சிபில் தானாக மாற்றாது. "சிபில் ஆபீஸ்ல நம்ம ஆளு இருக்காருங்க" என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

அறிக்கையை விரித்துப் பார்த்தால்

பலரும் ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். விஷயம் எல்லாம் உள்ளே இருக்கிறது. முதலில் பெயர், பிறந்த தேதி, பான் எண், பழைய முகவரிகள், போன் எண்கள். அப்புறம் ஒவ்வொரு கடனுக்கும் ஒரு பகுதி: கொடுத்தவர் யார், எவ்வளவு, எந்தத் தேதி, பாக்கி எவ்வளவு, அந்தக் கடனில் நீங்கள் கடன்தாரரா ஜாமீன்தாரரா என்பது. அதற்குக் கீழே சின்னச் சின்னக் கட்டங்களாக மாதவாரி கணக்கு இருக்கும், 36 மாதம் வரைக்கும். தவணை தவறாத மாதத்தில் 000 என்று இருக்கும். 030 என்று இருந்தால் அந்த மாதம் 30 நாள் தாமதம். 090ஐத் தாண்டினால் அந்தக் கணக்கை வராக்கடன் என்று பேங்க் தள்ளிவைத்துவிடும்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீதம் வரை வரி போட்டபோது திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஆர்டர் நின்றது ஞாபகம் இருக்கும். கம்பெனிக்கு ஆர்டர் இல்லையென்றால் ஜாப் ஒர்க்காரருக்குத் துணி வராது, முடித்துக்கொடுத்த பில்லுக்கும் பணம் இழுக்கும். அப்படி ஒரு சமயத்தில் மூன்று தவணை தவறியிருந்தால் கட்டத்தில் 030, 060, 090 என்று வரிசையாக ஏறியிருக்கும். அந்த மனுசன் நேர்மையானவரா, பார்ட்டி ஏமாற்றினாரா என்பதெல்லாம் கட்டத்துக்குத் தெரியாது. அது எனக்கும் வருத்தம்தான். ஆனால் அந்த மூன்று எண்ணும் உண்மை. உண்மையாக ஏறிய எண்ணைக் காசு கொடுத்து அழிக்க வழியில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் பாதி.

கடைசியில் விசாரணைப் பட்டியல் என்று ஒன்று இருக்கும். எந்தெந்த பேங்க், எந்தெந்தத் தேதியில் உங்கள் அறிக்கையை எடுத்துப் பார்த்தது என்பது அதில் இருக்கும். நீங்களே உங்கள் அறிக்கையை எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. ஆனால் கொஞ்ச நாளுக்குள் ஐந்தாறு இடத்தில் கடனுக்கு விண்ணப்பம் போட்டால் குறையும். லோன் வாங்கித் தருகிறேன் என்று சொல்லும் ஏஜென்ட் ஒரே வாரத்தில் நாலு ஃபைனான்ஸ் கம்பெனிக்கு உங்கள் பேப்பரை அனுப்பிவிட்டுப் போவார், அந்த நாலும் உங்கள் பெயரில்தான் ஏறும்.

தப்பாக ஏறியது என்ன

மறுபாதிக்கு வருவோம். அறிக்கையில் தவறு இருப்பது அபூர்வமான விஷயமல்ல. அதுவும் நம்மூர்க்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஒரு ஊரில் நாலு சுப்பிரமணியம் இருப்பார்கள், அதில் இரண்டு பேருக்கு இனிஷியலும் ஒன்றாக இருக்கும். இங்கிலீஷில் எழுதும்போது ஒருவரே ஆதாரில் ஒரு மாதிரி, பான் கார்டில் அப்பா பெயரை விரித்து ஒரு மாதிரி, பழைய லோன் பேப்பரில் சுப்பிரமணி என்று ஒரு மாதிரி இருப்பார். முகவரியும் தோட்டத்துப் பெயர், ஊர்ப் பெயர், தபால் ஆபீஸ் என்றுதான் இருக்கும். பான் எண் சரியாக ஏறாத பழைய டிராக்டர் லோன், டூவீலர் லோன் எல்லாம் வேறொருவர் கணக்கில் போய் ஒட்டிக்கொள்ள இது போதும். அதனால் அறிக்கையைப் பார்க்கும்போது முதலில் பெயர், முகவரி, போன் எண் பகுதியை நிதானமாகப் படியுங்கள். நீங்கள் வாழ்க்கையில் குடியிருக்காத ஊர் அதில் இருந்தால் அங்கிருந்துதான் வினை வந்திருக்கும்.

இன்னொன்று ஜாமீன். லாரி எடுக்கும்போது மச்சானுக்கோ பங்காளிக்கோ ஜாமீன் கையெழுத்துப் போடுவது சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கமெல்லாம் சாதாரணம். அந்தக் கடன் உங்கள் அறிக்கையிலும் ஜாமீன்தாரர் என்று போட்டு வரும். அவர் தவணை தவறினால் அது உங்கள் ஸ்கோரையும் கடிக்கும். இது பிழையில்லை, திருத்தச் சொல்லிக் கேட்க முடியாது. ஆனால் அவர் கடனை முடித்து, ஆர்சியில் ஃபைனான்ஸ் பெயரையும் நீக்கிய பிறகும் உங்கள் அறிக்கையில் பாக்கி காட்டிக்கொண்டிருந்தால் அது பிழை. பாக்கி எதுவும் இல்லை என்று ஃபைனான்ஸ் கொடுக்கும் நோ டியூ சர்டிபிகேட்டின் நகலை அவரிடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பெண்கள் எடுக்கும் மைக்ரோ ஃபைனான்ஸ் குழு லோனும் இந்தக் கணக்கில் ஏறுகிறது. கட்டி முடித்த குழு லோன் முடியாததுபோல் நின்றிருந்தால், அந்தப் பெண் பின்னால் தன் பெயரில் ஒரு தையல் மெஷின் லோன் கேட்கும்போதுதான் தெரியவரும்.

திருத்துவதற்கு ஆகும் செலவு

ஒன்றும் ஆகாது. 2017 ஜனவரியிலிருந்து நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை, ஸ்கோரோடு, இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். நான்கையும் ஒரே நாளில் எடுக்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்று என்று எடுத்தால் வருடம் முழுக்க ஒரு கண் வைத்திருந்த மாதிரி. அந்தந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் பான் எண்ணும் போன் எண்ணும் கொடுத்து எடுக்கலாம். மாதச் சந்தா கட்டச் சொல்லும் பக்கமும் அதே தளத்தில் வரும், அதை விட்டுவிட்டு இலவச அறிக்கை என்று இருப்பதைத் தேடி அழுத்துங்கள்.

தவறைக் கண்டுபிடித்தால் அதே தளத்தில் புகார் பதியலாம், அதுவும் இலவசம். கடன் கொடுத்த பேங்க்கிடமும் எழுத்தில் கொடுங்கள். கிளைக்கு நேரில் போனால் மனுவின் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். "பாக்கறமுங்க, நீங்க போங்க" என்ற வாய்வார்த்தை பின்னால் எதற்கும் உதவாது.

தேதிக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்றால், ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் ஒரு உத்தரவு போட்டு 2024 ஏப்ரல் 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. புகார் கொடுத்த 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு நஷ்டஈடு தர வேண்டும். அந்த 30 நாளில் 21 நாள் பேங்க்குக்கு. அதற்குள் அது திருத்திய தகவலை அனுப்பவில்லை என்றால் பணம் பேங்க் பொறுப்பு. பேங்க் நேரத்துக்கு அனுப்பியும் சிபில் தரப்பு மாற்றவில்லை என்றால் அவர்கள் பொறுப்பு. கோரிக்கையை நிராகரித்தால் காரணமும் சொல்ல வேண்டும். இரண்டு மாதம் இழுத்தடித்தால் 3,000 ரூபாய் வரை அவர்கள்தான் உங்களுக்குத் தர வேண்டியிருக்கும். இப்படி ஒரு விதி இருக்கும்போது, இதே புகாரைப் பதிய வெளியாளுக்கு நீங்கள் பணம் கட்டுவதில் என்ன நியாயம்? ஒன்று மட்டும்: ஸ்கோர் ஏன் 680, ஏன் 720 இல்லை என்று கணக்கிட்ட முறையைக் கேள்வி கேட்கும் புகாருக்கு இந்த நஷ்டஈடு கிடையாது. தகவலில் பிழை இருக்க வேண்டும்.

30 நாள் கழித்தும் வேலை ஆகவில்லை, அல்லது வந்த பதிலில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2022 செப்டம்பரிலிருந்து கடன் தகவல் நிறுவனங்கள் மீதும் அங்கே புகார் கொடுக்கலாம். வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

இங்கிலீஷ் ஃபாரம் நிரப்பத் தயக்கமாக இருக்கிறது என்றால் அது நியாயமான தயக்கம். காலேஜ் படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். இல்லையென்றால் உங்கள் ஆடிட்டர் ஆபீஸில் கேளுங்கள், சின்னக் கூலி கொடுத்தாலும் தப்பில்லை. ஆனால் ஓடிபி உங்கள் போனில் வர வேண்டும், பாஸ்வேர்டு உங்களிடமே இருக்க வேண்டும்.

அப்படியானால் அந்தக் கம்பெனி என்னதான் செய்கிறது

யோக்கியமானவராக இருந்தால் மேலே சொன்னதைத்தான் உங்களுக்காகச் செய்கிறார்: அறிக்கை எடுப்பார், புகார் பதிவார். இன்னும் சிலர் உண்மையான பதிவு, பொய்யான பதிவு என்று பார்க்காமல் எல்லாவற்றின் மீதும் ஒட்டுக்காகப் புகார் போட்டுவிடுவார்கள். பேங்க் சரிபார்த்து "இது சரிதான்" என்று பதில் அனுப்பியதும் எல்லாம் பழைய நிலைக்கே வந்துவிடும்.

அதைவிட ஆபத்தானது செட்டில்மென்ட். கிரெடிட் கார்டில் 1,40,000 பாக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏஜென்ட் பேங்க்கோடு பேசி 60,000க்கு முடித்துக் கொடுக்கிறார், தனக்கு ஒரு பங்கும் எடுத்துக்கொள்கிறார். உங்களுக்கு 80,000 மிச்சமானதுபோல் தோன்றும். ஆனால் அறிக்கையில் அந்தக் கணக்கு "குளோஸ்டு" என்று ஏறாது, "செட்டில்டு" என்று ஏறும். இவர் முழுப் பணம் கட்டவில்லை, விட்டுக்கொடுத்து முடித்தோம் என்று அடுத்த பேங்க்குக்கு அது சொல்லிக்கொண்டே இருக்கும். கடன் தகவலைக் குறைந்தது ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. சிபிலைச் சரிசெய்யப் பணம் கொடுத்து, அதே பணத்தில் சிபிலைக் கெடுத்துக்கொண்டு வருவது இப்படித்தான். வேறு வழியே இல்லாதவருக்குச் செட்டில்மென்ட் ஒரு வழிதான், அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஸ்கோர் ஏறும் என்று நம்பி அதில் இறங்காதீர்கள். ஏற்கெனவே செட்டில் செய்தவர்கள் கையில் பணம் வரும்போது பேங்க்கை அணுகி, தள்ளுபடி செய்த தொகையைக் கட்டி, நோ டியூ வாங்கி, "குளோஸ்டு" என்று மாற்றச் சொல்லி எழுதிக் கேட்கலாம். இதற்கும் நடுவில் ஆள் வேண்டியதில்லை.

புது பான் கார்டு எடுத்துத் தருகிறேன், அதில் சிபில் புதுசாகத் தொடங்கும் என்பவரும் இருப்பார். ஒருவருக்கு இரண்டு பான் இருப்பதே குற்றம், 10,000 ரூபாய் அபராதம். பெயரும் பிறந்த தேதியும் போன் எண்ணும் ஒத்துப்போனால் பழைய கணக்கு எப்படியும் வந்து சேர்ந்துவிடும்.

அமெரிக்காவில் இந்தத் தொழில் நம் ஊரைவிடப் பல ஆண்டு முன்பே பெரிதாக வளர்ந்தது. ஏமாந்தவர்கள் பெருகி, 1996-ல் அங்கே இதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். வேலையை முடிக்காமல் பணம் வாங்கக் கூடாது, இதையெல்லாம் நீங்களே இலவசமாகச் செய்துகொள்ள முடியும் என்று வாடிக்கையாளரிடம் எழுத்தில் சொல்ல வேண்டும், மூன்று வேலைநாளுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்ய விட வேண்டும். நம் பக்கத்து நோட்டீஸ்காரரிடம் இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள். முன்பணம் வேண்டாம், வேலை முடிந்ததும் வாங்கிக்கொள்கிறேன் என்று எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று பாருங்கள்.

உண்மையாகவே கெட்ட ஸ்கோர் என்றால்

மெதுவாகத்தான் ஏறும். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் தவணையில் ஒன்றுகூடத் தவறாமல் பார்ப்பதுதான் முதல் வேலை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அடைக்கப் பார்த்து நடப்புத் தவணையை விட்டுவிடுகிறவர்கள் உண்டு, அது தலைகீழ். 2025 ஜனவரியிலிருந்து பேங்க்குகள் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது தகவல் அனுப்ப வேண்டும் என்று ஆகிவிட்டதால், நீங்கள் கட்டுவது முன்னைவிடச் சீக்கிரமாக ஏறுகிறது. கார்டு இருந்தால் அதன் லிமிட்டில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். கார்டே கிடைக்காதவர்கள், பேங்க்கில் ஒரு சின்ன ஃபிக்சட் டெபாசிட் போட்டு அதன் பேரில் கார்டு வாங்கி, பால் பெட்ரோல் செலவுக்கு வைத்துக்கொண்டு மாதாமாதம் முழுசாகக் கட்டலாம். பேங்க்கில் வைக்கும் நகைக்கடனும் கணக்கில் ஏறும், தவணைக்குள் திருப்பினால் நல்ல பேர்தான். அக்கம்பக்கத்து ஃபைனான்ஸில் தினத் தவணைக்கு வாங்கி நாணயமாகக் கட்டுவது இதில் எங்கும் ஏறாது.

இதுவரை கடனே வாங்காதவருக்கு ஸ்கோரே இருக்காது. அது கெட்ட ஸ்கோர் இல்லை. முதன்முறை கடன் கேட்பவரை, முன்வரலாறு இல்லை என்பதற்காக மட்டும் பேங்க் திருப்பி அனுப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. அவரிடம் போய் "சிபில் உருவாக்கித் தர்றமுங்க" என்று காசு கேட்பவர் இன்னும் மோசம்.

ஏற்கெனவே பணம் கட்டி, பான், ஆதார், ஓடிபி எல்லாம் கொடுத்துவிட்டவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால் இன்றைக்கே மூன்று வேலை இருக்கிறது. சிபில் தளத்திலும் மெயிலிலும் நெட் பேங்கிங்கிலும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். நான்கு நிறுவனங்களின் அறிக்கையையும் எடுத்து, விசாரணைப் பட்டியலில் நீங்கள் கேட்காத கடன் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சைபர் கிரைம் எண் 1930-க்குக் கூப்பிட்டுப் பதிவு செய்துவிட்டு, அந்தக் கடன் கொடுத்த கம்பெனிக்கும் அன்றே எழுதுங்கள். கட்டிய பணத்துக்கான ரசீது, ஜிபே விவரம், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காமல் வைத்திருங்கள். பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் கோவை, ஈரோடு, சேலம், நாமக்கல் என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கும் நுகர்வோர் ஆணையத்தில் அதுதான் உங்கள் கையில் இருக்கும் சாட்சி.